தொழிற்சாலை வாயிலில் நம் பிள்ளைகள்

(சரஸ்வதி பூஜையன்று மாலை நம் ஆலய மண்டபத்தில், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறுகின்றவர் ஒரு குறளைச் சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். செயலாளர் அவர்கள் எனக்கு 20 நிமிடங்களே ஒதுக்கியிருக்கிறார்கள். மடைப்பள்ளியில் சுண்டலும் தயாராகிவிட்டது. ஆகவே நேராகவே செய்திக்கு வருகிறேன்.

இன்று காலை அம்மன் சந்நிதி முன் நீங்கள் வைத்த பொருள்களைப் பார்த்தேன். தேர்வுப் பயிற்சி நூல்கள் ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒட்டியே ஸ்பானர்ப் பெட்டி, லாரிச் சாவி, தையற்கத்தரி, இவற்றுக்கு நடுவே ஒரு மைக்ரோமீட்டர். நூலுக்கும் கருவிக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். வீடு திரும்பிய பிறகுதான் நாம் நூலைக் கூடத்து மேசையிலும் கருவியைப் படிக்கட்டின் அடியிலும் வைத்துவிடுகிறோம். அந்த மைக்ரோமீட்டரை வைத்தவர் என் அண்ணன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்த வாரம், வெள்ளிக்கிழமை அபிஷேகத்திற்காக இங்கே வரிசையில் நின்றிருந்தேன். நம் ஆலயத்திற்குத் தவறாமல் வரும் ஓர் அம்மையார் கைப்பையிலிருந்து நான்கு பக்கத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "தம்பி, நீங்க கவர்மெண்டுல வேலை செய்றீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பையனைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஏஜெண்டு நாளைக்கு வர்றாரு" என்றார். அவருடைய மகனுக்கு ஏழு பாடங்களில் தேர்ச்சி. கணிதத்தில் சி. புத்திசாலிப் பையன், ஆனால் பல்கலைக்கழகத்திற்குப் போகும் முடிவுகள் அல்ல. தொழிற்சாலை ஒன்றில் 'பயிற்சி' கிடைத்திருக்கிறது என்று வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி.

தாளின் தலைப்பில் 'பயிற்சி ஒப்பந்தம்' என்றுதான் இருந்தது. உள்ளே படித்தேன். காலம் மூன்று ஆண்டுகள். பன்னிரண்டு மணி நேர முறைமாற்று வேலை. இடையில் விலகினால் ஐயாயிரம் ரிங்கிட் ஈடு. எந்தத் தொழிலில் பயிற்சி, யார் பயிற்றுவிப்பார், முடிவில் என்ன சான்றிதழ் என்பவை பற்றி நான்கு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. கையெழுத்திடும் இடத்தில் தொழிற்சாலையின் பெயரும் இல்லை. ஆள் சேர்க்கும் ஏஜெண்டின் பெயரே இருந்தது.

நான் அரசாங்க ஊழியன். தாள்களைப் படிப்பதே என் பிழைப்பு. சட்டத்தின் விளக்கச் சொற்களில்தான் உயிர் இருக்கிறது என்று இலாகாவில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தொழிற்பயிற்சி ஒப்பந்தம் என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. அது எழுத்து மூலமாக இருக்க வேண்டும். முதலாளி அந்த இளைஞரை ஒரு குறிப்பிட்ட தொழிலில் முறையாகப் பயிற்றுவிக்கவோ, பிறரைக் கொண்டு பயிற்றுவிக்கவோ பொறுப்பேற்க வேண்டும். 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி அதன் காலம் ஆறு மாதத்திற்குக் குறையவும் கூடாது. 24 மாதத்தைத் தாண்டவும் கூடாது. 'முறையாக', 'ஒரு தொழிலில்' என்னும் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். பெட்டி தூக்கும் வேலையை மூன்று ஆண்டுகள் செய்வதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டினால் அது பயிற்சி ஆகிவிடாது. அம்மையார் கொண்டுவந்த தாள் வெறும் வேலை ஒப்பந்தம். வேலை ஒப்பந்தம் குற்றமன்று. ஆனால் பயிற்சி என்று நம்பிக் கையெழுத்திடுவது வேறு, வேலை என்று தெரிந்து கையெழுத்திடுவது வேறு.

கையெழுத்திட வேண்டாம் என்றேன். அம்மையார் முகம் வாடியது. பையனோ என்னைப் பகைவனாகவே பார்த்தான். முதல் மாதச் சம்பளத்தில் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டக் கணக்குப் போட்டு வைத்திருந்தான் போலும். வேண்டாம் என்று சொல்வது எளிது. 'சரி, வேறு எங்கே போவது?' என்று கேட்டால் விடை சொல்லவேண்டும் அல்லவா? அந்த விடையைத் தேடிப் போனதன் பயன்தான் இன்றைய பேச்சு.

இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் பலருக்குத் தொழிற்சாலை புதிதன்று. 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பட்டது. இண்டெல், பாஷ், ஹியூலட் பேக்கார்ட் முதலிய நிறுவனங்கள் அங்கே வந்து இறங்கின. பிறகு விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்து வாயிலில் தொழிற்சாலைப் பேருந்து ஹாரன் அடிக்கும் காலம் வந்தது. பால்மரக் காட்டிற்குப் போக வேண்டிய நம் பெண்கள் அந்தப் பேருந்தில் ஏறினார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பார்த்து, முடியினும் மெல்லிய கம்பியைச் சில்லில் இணைத்தார்கள். அவர்கள் சம்பளத்தில் தம்பிமார்கள் படித்தார்கள். ஆனால் அவர்களுள் எத்தனை பேர் இயந்திரத்தை இயக்குவதிலிருந்து அதைப் பழுதுபார்க்கும் நிலைக்கு உயர்ந்தார்கள்? எனக்குத் தெரிந்த குடும்பங்களில் ஒருவர்கூட இல்லை. உயர்த்தும் ஏணி அப்போது அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

என் அண்ணனுக்கும் காட்டப்படவில்லை. தந்தையார் கூலிம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அண்ணன் 1993இல் எஸ்.பி.எம். எழுதினார். புத்தாண்டு பிறந்ததும் பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஓர் ஆலையில் சேர்ந்தார். நான் அப்போது புகுமுக வகுப்பை முடித்து முதலாம் படிவத்தில் காலடி வைத்தேன். என் பள்ளிச் சப்பாத்து அவருடைய முதல் சம்பளத்தில் வாங்கியது. இயந்திரத்தின் கதவு திறக்கும், பொருளை எடுக்க வேண்டும், ஒட்டியிருக்கும் காம்பை வெட்டிப் பெட்டியில் போட வேண்டும், கதவு மூடும். இதையே 15 ஆண்டுகள் செய்தார். பொருளின் ஓரத்தில் எழும் பிசிரை விரலால் தடவியே அச்சின் எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அச்சைக் கழற்றிப் பார்க்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. 2009இல் அந்த ஆலை மூடப்பட்டது. அவர் கையில் மிஞ்சியது இரண்டு வரிக் கடிதம் ஒன்று. நல்ல நடத்தை உடையவர், காலந்தவறாதவர் என்று அதில் எழுதியிருந்தது.

பிறகு சிறிய அச்சுப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அந்த முதலாளி அவருக்குக் கருவிகளைத் தொட அனுமதி தந்தார். 33ஆம் வயதில் அண்ணன் முதன்முறையாகக் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றார்.

நம் நாட்டில் திறன் மேம்பாட்டு இலாகா என்று ஒன்று இருக்கிறது. ஜே.பி.கே. என்பார்கள். 1989இல் எம்.எல்.வி.கே. என்னும் பெயரில் தொடங்கி, 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்திற்குப் பின் இப்பெயர் பெற்றது. மலேசியத் திறன் சான்றிதழாகிய எஸ்.கே.எம்.மை வழங்குவது இதுவே. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. இதை அடைய மூன்று வழிகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படிப்பது ஒன்று. தொழிற்சாலையிலேயே பயில்வது மற்றொன்று. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர், தம் அனுபவத்திற்குச் சான்றுகளைத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்படுவது மூன்றாவது. பி.பி.டி. என்னும் இந்த மூன்றாவது வழியில்தான் 2016இல் அண்ணன் விண்ணப்பித்தார். வேலை செய்த படங்கள், முதலாளியின் உறுதிக் கடிதங்கள், செய்முறை விளக்கங்கள் என்று ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய சமையலறை மேசையில் அமர்ந்து தொகுத்தோம். மூன்றாம் நிலைச் சான்றிதழ் வந்தபோது அவருக்கு வயது 40. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி ஒண்ணு இருக்குன்னு அப்பவே யாராவது சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் நான் அரசாங்க அலுவலகத்தில்தான் இருந்தேன். சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

இப்போது அந்த இரண்டாவது வழிக்கு வருகிறேன். ஐந்தாம் படிவம் முடித்தவர்க்கு நம்மவரிடையே மிகக் குறைவாகவே அறியப்பட்டிருப்பது அதுதான். எஸ்.எல்.டி.என். என்று சுருக்கமாக அழைப்பார்கள்; தேசிய இரட்டைப் பயிற்சி முறை என்று தமிழில் சொல்லலாம். ஜெர்மனியில் பிள்ளைகள் வாரத்தில் சில நாள்கள் ஆலையிலும் மற்ற நாள்கள் தொழிற்பள்ளியிலும் பயில்கிறார்கள். அந்த முறையைத் தழுவி 2005இல் இங்கே தொடங்கப்பட்டது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு ஆலையின் உள்ளேயே, உண்மையான இயந்திரங்களில் நடக்கும். எஞ்சிய 20 முதல் 30 விழுக்காடு பயிற்சி நிலையத்தில் பாடமாக நடக்கும். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு என்று சில ஆலைகள் வைத்துக்கொள்ளும். சில மாதங்கள் ஆலை, சில வாரங்கள் வகுப்பு என்று வேறு சில வைத்துக்கொள்ளும். பயிலும் இளைஞருக்கும் நிறுவனத்திற்கும் இடையே நேரடியாக ஒப்பந்தம் உண்டு. பயிலும் காலத்தில் படித்தொகையும் உண்டு.

அம்மையாரின் மகனுக்கு இவ்வழியில் ஓர் இடம் கிடைத்தது. உலோக உதிரிப்பாகங்களை நுட்பமாகக் கடையும் ஆலை. மூன்று மாதம் கழித்து அவனை இங்கே சந்தித்தேன். கைகளைக் காட்டினான், கொப்புளம். முதல் சில வாரங்கள் அரம் மட்டுமே கொடுத்தார்களாம். ஓர் இரும்புக் கட்டியை அராவிச் சமதளமாக்க வேண்டும். மட்டப் பலகையை மேலே வைத்து விளக்கொளியில் பிடித்தால் இடையில் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் மீண்டும் அராவ வேண்டும். "மெஷினே இருக்கும்போது எதுக்கு அங்கிள் கையால தேய்க்கச் சொல்றாங்க?" என்று சலித்துக்கொண்டான். அருகில் நின்ற அண்ணன் சிரித்தார். இயந்திரம் எங்கே தவறு செய்கிறது என்று கைக்குத் தெரியாவிட்டால், கணினி பொருத்திய இயந்திரம் 20 மில்லிமீட்டர் என்று காட்டுவதை நம்பிக்கொண்டு ஆயிரம் பாகங்களைக் குப்பையில் போட நேரும் என்றார். மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்துக் காட்டும் கருவி. அதைப் பிடித்துத் திருகும் விரலின் அழுத்தம் கூடினாலே அளவு மாறிவிடும். அவர்கள் இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. பொறாமையாகவும் இருந்தது.

இப்போது அவன் மூன்றாம் நிலைச் சான்றிதழ் பெற்று அதே ஆலையில் இருக்கிறான். ஆனால் எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. என் உறவில் ஒரு பையன் எட்டாவது மாதத்தில் விலகிவிட்டான். இரவு வேலை ஒத்துவரவில்லை. படித்தொகை பெட்ரோலுக்கும் சாப்பாட்டிற்கும் போய்விடுகிறது என்றான். அவனுடைய நண்பர்கள் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுத்து அவனைவிட இருமடங்கு சம்பாதித்தார்கள். இதை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பயிற்சிக் காலத்தில் கையில் வரும் பணம் குறைவுதான். தந்தை இல்லாத வீட்டில், வாடகை கட்ட வேண்டிய வீட்டில், அந்த இரண்டு ஆண்டு மிக நீண்ட காலம். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. திறன் மேம்பாட்டு நிதிக் கழகமாகிய பி.டி.பி.கே. திறன் பயிற்சிக்குக் கடன் தருகிறது. ஆனால் அது கடன்; திருப்பிக் கட்ட வேண்டியது. நம் ஆலயக் கல்வி நிதி இதுவரை பல்கலைக்கழகம் செல்வோருக்கே உதவி வந்திருக்கிறது. ஆலையில் பயிலும் பிள்ளைக்கும் பேருந்துச் செலவிற்காவது ஒரு தொகை ஒதுக்கலாமா என்று தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்த்து முறைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பெற்றோர்களே, தாளைக் கையில் வாங்கியதும் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் கையெழுத்திடுவது ஆலையா, ஏஜெண்டா என்று முதலில் பாருங்கள். பயிற்சியின் பெயரும் நிலையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'பொதுப் பயிற்சி' என்று ஒன்று கிடையாது. இயந்திரக் கடைசல், அச்சுத் தயாரிப்பு, மின்னியல், குளிரூட்டிப் பராமரிப்பு என்று ஏதேனும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நிலையமும் அந்தப் பயிற்சியும் ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்றவையா என்பதை அவர்களுடைய மைஸ்பைக் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பிள்ளையே கைப்பேசியில் தேடித் தருவான். ஆலைக்குள் யார் பயிற்றுநர் என்று பெயர் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அங்கே பயிற்றுநர் இல்லை என்று பொருள். வகுப்பு எந்த நாள், அந்த நாளில் அவசர வேலை வந்தால் வகுப்பா வேலையா என்றும் கேளுங்கள். விரல் போனால் யார் பொறுப்பு என்றும் கூச்சமின்றிக் கேளுங்கள். நம் பெற்றோர் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளில் பாதியை ஆலைக்காரரிடம் கேட்டாலே போதும்.

ஆலைக்குள் நேராகப் போகத் தயங்குவோர்க்கு முதல் வழி திறந்திருக்கிறது. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்கள் நம் அருகிலேயே உள்ளன. நிபோங் திபாலில் இருப்பது ஆறுமுகம் பிள்ளை என்னும் தமிழரின் பெயரைத் தாங்கியது. அந்த வழியாக எத்தனை முறை பேருந்தில் போயிருப்போம்! அதன் வாயிலுக்குள் நுழைந்த பிள்ளைகளை நம் தெருவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கூலிமில் உயர்தொழில்நுட்பப் பயிற்சி நிலையமாகிய அட்தெக் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 1989இல் தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. தனித்தனியே செய்ய இயலாத பயிற்சியை ஆலைகள் ஒன்றுகூடி நடத்துவதற்காக ஏற்பட்டது அது. டிப்ளோமா நிலை வரை சென்றவர்க்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் கதவும் அடைபட்டதன்று. துவான்கு உசேன் ஓன், மலாக்கா, பகாங், பெர்லிஸ் ஆகிய நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் திறன் கல்வி வழியாக வருவோரை ஏற்கின்றன. அரசாங்கத்திலும் திறன் சான்றிதழையே தகுதியாகக் கேட்கும் பதவிகள் உண்டு. அவற்றுக்கு நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் குறைவாக வருகின்றன என்பது என் அனுபவம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆலைக்கு முதலில் போனவர்கள் பெண்கள்தாம் என்று சொன்னேன். இன்றோ அவர்களுடைய பேத்திமார் மின்னியல் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் 'அது பையன்கள் வேலை' என்கிறோம். அன்று இரவு வேலைக்குப் பேருந்தில் அனுப்பியபோது வராத யோசனை இன்று எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இந்தப் பேச்சைப் பற்றிச் சென்ற வாரம் நிர்வாகக் குழுவில் சொன்னபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "உங்கள் மகளை அனுப்புவீர்களா, ஐயா?" என்று கேட்டார். என் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். நான் உடனே விடை சொல்லவில்லை. சில விநாடிகள் வாயடைத்து நின்றேன். அந்தத் தயக்கம் எனக்கே வெட்கமாக இருந்தது. என் சப்பாத்திற்குப் பணம் வந்த இடத்தைப் பற்றி எனக்கு இன்னும் அவ்வளவுதான் மதிப்பா என்று அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் மகளிடமே கேட்டேன். பெரியப்பாவின் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றாள். பள்ளி விடுமுறையில் அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் என்ன முடிவு செய்வாள் என்பது எனக்கு இன்னும் தெரியாது.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பூஜை முடிந்தபின் இதே மண்டபத்தில் அலுவலக அறைக்குப் பக்கத்தில் நானும் அண்ணனும் அமர்ந்திருப்போம். தேர்வு முடிவு வந்த பின்னரும், வெள்ளிக்கிழமைகளில் என்னை இங்கே காணலாம். உங்களுக்கு வந்த தாள்களைக் கொண்டு வாருங்கள். கையெழுத்திடுவதற்கு முன் கொண்டு வாருங்கள். கையெழுத்திட்ட பிறகு என்னால் ஆவது குறைவு. வேலை அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாத பெரியவர்களும் வரலாம், பி.பி.டி. விண்ணப்பம் எப்படித் தொகுப்பது என்று அண்ணன் காட்டுவார். அந்த மைக்ரோமீட்டரையும் கொண்டு வருவார். தம்பிமார், தங்கைமார் ஒரு தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தால் அதன் பருமனை அளந்து பார்த்துக்கொள்ளலாம்.